போன் மழை

பயம் வந்தால் சிலருக்குக் கை நடுங்கும், சிலருக்கு வயிற்றைக் கலக்கும். எனக்கு வாய் நீளும். கறன்ட் போனாலும் ஏச்சு, கறி அடிப்பிடித்தாலும் ஏச்சு, கேற்றில் யாராவது தட்டாமல் நின்றாலும் ஏச்சு. புத்தளத்தில் எங்கள் ஒழுங்கையில் இருப்பவர்களுக்கு மணிக்கூடு தேவையில்லை, என் சத்தத்தை வைத்தே நேரம் சொல்லிவிடுவார்கள் என்று என் கணவர் சொல்வார். சிரித்துக்கொண்டுதான் சொல்வார். அந்தச் சிரிப்புக்கும் எனக்குக் கோபம் வரும்.

மகள் வீட்டை விட்டுப் போனது ஒரு பஸ்ஸினால். பஸ்ஸினால் என்று எழுதுவது என் வசதிக்காக. என்னால்தான்.

அவளுக்கு அப்போது பதினெட்டு வயது. ஏ.எல். பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். கிளாஸ் சிலாபத்தில். பின்னேரம் வழக்கமாக வரும் பஸ் அன்று அரை மணித்தியாலம் பிந்தியது. அவளுடைய போனில் சார்ஜ் இல்லை. அந்த அரை மணித்தியாலத்துக்குள் நான் அவளை மூன்று தடவை சாகக் கொடுத்துவிட்டேன். ஒரு தடவை லொறியில் அடிபட்டு, ஒரு தடவை களப்புத் தண்ணீருக்குள் பஸ் பாய்ந்து, ஒரு தடவை முகம் தெரியாத எவனோ ஒருவன் கையில். பஸ் வந்து நின்று அவள் சிரித்துக்கொண்டு இறங்கியபோது எனக்கு வந்திருக்க வேண்டியது சந்தோஷம். வந்தது ஏச்சு. பஸ்ஸில் இருந்த அத்தனை பேருக்கும் முன்னால், கூடப் படிக்கும் பிள்ளைகளுக்கு முன்னால், "செத்துக்கித்துப் பெய்த்தியோ எண்டு நினைச்சன்! போனச் சார்ஜ் போட ஏலாதா? எவனோட நிண்ட?" என்று கத்தினேன். கடைசியாகக் கேட்டதை நான் கேட்டிருக்கவே கூடாது. கொண்டக்டர் படியில் தொங்கியபடி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் அடுத்த நாள் உடுப்புப் பையைக் கட்டிக்கொண்டு முந்தலில் இருக்கும் மாமி வீட்டுக்கு, அதாவது என் கணவரின் தங்கச்சி வீட்டுக்கு, கிளம்பினாள். அங்கிருந்து சிலாபம் கிட்ட என்று வாப்பாவிடம் சொன்னாள். அது உண்மையும்தான். கேற்றடியில் நின்று என்னுடைய போனை வாங்கி எதையோ ஏற்றினாள்.

"உம்மா, இதுல தியானம் இருக்கு. ஒவ்வொரு நாளும் பத்து நிமிசம். ஒராள் சொல்லித் தருவா, நீங்க கேட்டுக் கேட்டுச் செய்யுங்க. நாப்பது நாள் ஆரையும் ஏசாம இருந்து காட்டுங்க. நான் வாறன்."

"வராட்டி?"

"பரீட்ச முடிய அப்பிடியே கொழும்புக்குப் பெய்த்து வேல ஒண்டு தேடுவன்."

சத்தம் போடாமல் சொன்னாள். அவள் வாப்பாவைப் போல. குறைவாகக் கதைப்பாள், சொன்னதைச் செய்வாள். நான் சொல்வதில் பத்தில் ஒன்றைக்கூடச் செய்ய மாட்டேன் என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அவள் சொன்னால் அது நடக்கும். எனக்கு இருப்பது அவள் ஒருத்திதான்.

அப்படித்தான் நான் தியானக்காரியானேன். விடியற்காலையில் சுபஹு தொழுதுவிட்டு, முழங்கால் வலி காரணமாகத் தரையில் இருக்காமல், முன் அறைக் கதிரையில் இருந்து போனை மடியில் வைத்துக்கொள்வேன். அதற்குள் ஒரு பெண். இந்தியத் தமிழ். ஒவ்வொரு சொல்லையும் பஞ்சில் பொதிந்து தருகிற குரல். "ஆழமாக மூச்சை உள்ளே இழுங்கள்... மெதுவாக வெளியே விடுங்கள்..." நான் அவளுக்கு மூச்சுக்காரி என்று பெயர் வைத்தேன். உலைத் தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்க, மீன்காரனின் மோட்டார் சைக்கிள் ஹோர்ன் அடித்துக்கொண்டு தாண்டிப் போக, இவள் மெதுவாக விடுங்கள் என்கிறாள். இவள் வீட்டில் மீன் வாங்குவது யார் என்று யோசிப்பேன். மூச்சு எங்கோ போய்விடும்.

இது நமக்குச் சரிப்படுமா என்று கணவரிடம் கேட்டேன். "தஸ்பீஹ் ஓதுற மாதிரித்தானே, மனசு ஒரு இடத்துல நிண்டாப் போதும்" என்றார். அவருக்கு எல்லாம் போதும். ஆனால் தஸ்பீஹ் வேறு. அதில் விரல் வேலை செய்யும், நாக்கு வேலை செய்யும். இதில் எதற்கும் வேலை இல்லை. வேலை இல்லாமல் இருக்கிற பத்து நிமிடத்தில் எனக்கு உடம்பெல்லாம் எறும்பு ஊர்ந்தது.

அதைவிட மோசம், அவள் முதலிலேயே சொல்கிற ஒரு வசனம். "கண்களை மூடிக்கொள்ளுங்கள்."

என்னால் அதுதான் முடியவில்லை. மூடினால் இமை துடிக்கும், பிறகு தானாகத் திறந்துகொள்ளும். தூக்கம் வந்து மூடுவது வேறு, விழித்திருக்கும்போது வேண்டுமென்று மூடுவது வேறு. அதற்குக் காரணம் எனக்குத் தெரியும், யாரிடமும் சொன்னதில்லை. தொண்ணூறாம் ஆண்டு புலிகள் மன்னாரிலிருந்து முஸ்லிம்களையெல்லாம் வெளியேறச் சொன்னபோது எனக்கு ஒன்பது வயது. கற்பிட்டிக்கு வந்த வள்ளத்தில் ஆட்கள் ஒருவர்மேல் ஒருவராக இருந்தார்கள். உம்மா ஓரத்தில் சாய்ந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தா. மூன்று வயதுத் தம்பியை என் மடியில் இருத்திவிட்டு, "கண்ண மூடிராத மகள். நீ கண்ண மூடினா இவன் உழுந்திருவான்" என்றா. நான் மூடவில்லை. கடல் தண்ணீர் முகத்தில் அடித்து எரிந்தபோதும் மூடவில்லை. தம்பி விழவில்லை. இப்போது அவனுக்கு மூன்று பிள்ளைகள், மீசை நரைக்கத் தொடங்கிவிட்டது. யுத்தம் முடிந்து பாதை திறந்ததும் உம்மாவும் அவனும் ஊருக்கே திரும்பிவிட்டார்கள். நான் இங்கே கல்யாணம் முடித்து, புத்தளத்து உப்பளக்காரர் வீட்டுப் பெண்ணாக நின்றுவிட்டேன். ஆனால் அன்று கற்பிட்டிக் கரையில் இறங்கியபின், இனி நீ கண்ணை மூடலாம் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. அவரவர் மூட்டையைத் தேடுகிற அவசரத்தில் யாருக்கு அது ஞாபகம் வரும்?

முதல் வாரம் முழுதும் கண்ணைத் திறந்துகொண்டுதான் தியானம் செய்தேன். சுவரில் பல்லியைப் பார்த்துக்கொண்டு மூச்சு விட்டேன். ஏசாமல் இருந்தேனா? இருந்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு. பின்னேரத்தில் தாடை நொந்தது. கணவர் அலுமாரிக் கதவைத் திறந்தபடி விட்டுப் போனபோது நான் ஒன்றும் சொல்லாமல் நின்றதைப் பார்த்து, "காய்ச்சலா புள்ள?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். இரவில் மகள் முந்தலிலிருந்து போனில் கதைப்பாள். "எத்தின நாள்?" "ஆறு." "சத்தியமா?" "வாப்பாவக் கேளு." அவ்வளவுதான் எங்கள் கதை.

எட்டாம் நாள் பாடத்துக்குப் பெயர் மழைத் தியானம். ஹெட்செட் பழுதாகிவிட்டதால் போனைச் சத்தமாகவே வைத்திருந்தேன். மூச்சுக்காரி இரண்டு வசனம் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்ள, மழை வந்தது. அசல் மழை. முதலில் இலையில் விழுகிற சொட்டு, பிறகு சோவென்று.

உப்புக்காரர் வீட்டில் மழை என்றால் அல்லாஹ்வின் ரஹ்மத், அவனுடைய அருள் என்று வாயால் சொல்வோம், மனதுக்குள் வேறு சொல்வோம். அதுவும் உப்பு வாருகிற காலமென்றால் கேட்கவே வேண்டாம். பாத்தியிலிருந்து வாரிக் குவித்த உப்பு ஒரு மழைக்குக் கரைந்து மறுபடி களப்புக்கே போய்விடும். அதனால் எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம். மழைச் சத்தத்தை முதலில் கேட்டவர் "மழ! மழ!" என்று கத்திக்கொண்டு ஒழுங்கை நெடுக ஓடவேண்டும். வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கக் கூடாது. கேட்ட அத்தனை ஆண்களும் தென்னோலைக் கிடுகையும் தறப்பாளையும் தூக்கிக்கொண்டு உப்பளத்துக்கு ஓடுவார்கள். யாருடைய குவியல் முன்னுக்கு இருக்கிறதோ அதை எல்லோருமாக மூடிவிட்டுத்தான் அடுத்ததற்குப் போவார்கள்.

பள்ளிவாசலிலிருந்து வந்து சற்றுச் சரிந்து படுத்திருந்த என் கணவர் போன் மழையைக் கேட்டார். சாரத்தை மடித்துக் கட்டியதை நான் பார்க்கவில்லை. குசினி வாசலால் பாய்ந்து, சைக்கிளை எடுத்து, "மழ! மழ!" என்ற சத்தம் ஒழுங்கை முனைக்குப் போனபிறகுதான் எனக்கு விளங்கியது. "இஞ்சாருங்க! போன்! அது போன்!" என்று நான் கத்த, அதுவும் மழைக்குக் கத்துகிறேன் என்று நினைத்துப் பக்கத்து வீட்டுக்காரரும் ஓடினார். ஒரு பதினைந்து பேர் தறப்பாளோடு உப்பளத்து வரம்பில் போய் நின்று அண்ணாந்து பார்த்தார்களாம். மருந்துக்கும் மேகம் இல்லை.

அன்றிலிருந்து எங்கள் வீட்டுக்குப் போன் மழை வீடு என்று பெயர். காலையில் எங்கள் வீட்டில் மழைச் சத்தம் கேட்டால், வேலைக்குப் போகிறவர்கள் வேலிக்கு மேலால் "மழ! மழ!" என்று கூவிவிட்டுச் சிரித்துக்கொண்டு போவார்கள். என் கணவரும் படுத்தபடியே, "ஓடுங்கடா ஓடுங்க" என்பார். நான்தான் வெட்கத்தில் செத்தேன். ஆனாலும் அந்தப் பாடத்தை விடவில்லை.

ஏன் விடவில்லை என்பதைச் சொல்ல வேண்டும். அருவி, குருவி, மெழுகுவர்த்தி என்று மூச்சுக்காரி வைத்திருந்த வேறு எதற்கும் நான் அசையவில்லை. இந்த மழை எதையும் கரைக்காத மழை. என் வாழ்க்கையில் முதல் தடவையாக, யாருக்கும் ஒன்றும் ஆகாது என்று நிச்சயமாகத் தெரிந்த ஒரு மழையைக் கேட்டுக்கொண்டிருந்தேன். பதினோராம் நாளோ பன்னிரண்டாம் நாளோ, என் கண் தானாக மூடிக்கிடந்ததைப் பாடம் முடிந்தபிறகுதான் கவனித்தேன். எழும்பி நேரே குசினிக்குப் போய் ஒரு கோப்பைத் தண்ணீர் குடித்தேன். பயமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது. அன்று மகளிடம் அதைச் சொல்லப்போய், வெட்கப்பட்டு, "சோறு திண்டியா" என்று மட்டும் கேட்டேன்.

அதற்குப்பிறகு ஒவ்வொரு காலையும் அதே மழைதான். கூவுகிறவர்கள் கூவினார்கள். முதலில் எரிச்சல் வந்தது. மூச்சுக்காரி அதற்கும் வழி வைத்திருந்தாள். "எந்த ஒலி வந்தாலும் வரவிடுங்கள். போகவிடுங்கள். அதன் பின்னால் நீங்கள் போக வேண்டியதில்லை." நான் போகவில்லை.

முப்பத்து மூன்றாம் நாள். அதற்கு முதல் நாள் என் கணவரும் இரண்டு கூலியாட்களும் பாத்தியை வாரி உப்பைக் குவித்திருந்தார்கள். அந்தப் போகத்தில் அதுதான் பெரிய குவியல். ஈரம் வடியட்டும், காலையில் லொறி வருகிறதுதானே என்று மூடாமல் விட்டிருந்தார். ஆவணி மாதத்தில் மழையை யார் நினைப்பார்?

நான் கதிரையில் இருந்தேன். மழை பெய்துகொண்டிருந்தது, மடியில். மூச்சு தன்பாட்டில் போய் வந்தது. வேலிக்கு மேலால் "மழ! மழ!" என்று கேட்டது. உள்ளே கணவர் புரண்டு படுத்து, "தொடங்கிட்டானுகள்" என்றார். எனக்குச் சிரிப்புக்கூட வந்தது. வரவிட்டேன். போகவிட்டேன். இன்னொரு தடவை கேட்டது, சற்றுத் தூரத்தில், வேறொரு குரல். அதையும் போகவிட்டேன். உண்மையைச் சொல்கிறேன், அந்தப் பத்து நிமிடம்தான் என் ஆயுளிலேயே நான் முழுசாக நிம்மதியாக இருந்த பத்து நிமிடம். தோள் இறங்கிக் கிடந்தது. நெஞ்சுக்குள் யாரும் ஓடவில்லை.

பாடம் முடிந்தும் கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தேன். கண்ணைத் திறந்தபோது வாசலில் பக்கத்து வீட்டுக்காரர் நின்றார். தலையிலிருந்து தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. இவர் ஏன் நனைந்திருக்கிறார் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

"எங்க உங்கட மனுசன்? ரெண்டு தரம் கத்தினமே. கேக்கல்லயா?"

எங்கள் வீட்டு ஓட்டில் நாலு துளிதான் விழுந்திருந்தது. முற்றத்து மண் சரியாக நனையக்கூட இல்லை. மழை களப்புப் பக்கமாக வந்து, உப்பளத்தின் மேல் மட்டும் கொட்டிவிட்டுப் போயிருந்தது. ஆட்கள் ஓடிப் போய் முன்னுக்கு இருந்த குவியல்களை ஒவ்வொன்றாக மூடியிருக்கிறார்கள். எங்களுடையது கடைசி வரம்பில். அங்கே போய்ச் சேரும்போது மழையும் விட்டுவிட்டது, உப்பும் பாதிக்கு மேல் இறங்கிவிட்டது.

கேட்டதும் எழும்பி ஓடிய கணவர், நான் போனபோது குவியலடியில் குந்தியிருந்தார். உப்பு வழிந்து, அழுக்குத் தண்ணீராய்ப் பாத்திக்குள் ஓடிக்கொண்டிருந்தது. சுற்றி நின்றவர்கள் யாரும் பகிடி விடவில்லை. வேலிக்கு மேலால் கூவிப் பழகியவர்கள் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்கள். அவர் என்னைப் பார்த்தார். ஏசுவார் என்று காத்துக்கொண்டு நின்றேன். ஏசினால் நானும் ஏசலாம், ஆளுக்காள் ஏசி ஓய்ந்து போகலாம். அவர், "சரி புள்ள, வா போவம்" என்றார். அதைவிட அறைந்திருக்கலாம்.

வீட்டுக்கு வந்து அதே கதிரையில் இருந்தேன். வழமையாக அந்த நேரத்தில் என் சத்தம் ஒழுங்கை முனைவரை போயிருக்கும். கத்தினவரை, சிரித்தவர்களை, மூச்சுக்காரியை, லொறியை, மேகத்தை, எல்லாவற்றையும் ஒரு பிடி பிடித்திருப்பேன். ஒன்றும் வரவில்லை. அமைதி என்று நினைக்காதீர்கள். கண்ணை மூடினேன், தம்பி விழுந்துவிட்டான். மனதுக்குள் அது ஒன்றுதான் ஓடிக்கொண்டிருந்தது. உம்மா சரியாகத்தான் சொல்லியிருந்தா.

மத்தியான பஸ்ஸில் மகள் வந்து இறங்கினாள். மாமி சொல்லிக் கேள்விப்பட்டிருக்கிறாள். கேற்றைத் திறக்கும்போதே அவள் தோளை ஒடுக்கிக்கொண்டு வந்ததைப் பார்த்தேன். என் ஏச்சுக்குத் தயாராகிறபோது அவள் அப்படித்தான் நடப்பாள், சின்னப் பிள்ளையிலிருந்தே. உள்ளே வந்து நின்றாள். வீடு சத்தமில்லாமல் கிடந்தது. அடுப்பு எரியவில்லை. வாப்பா பின் வாசலில் தறப்பாளை மடித்துக்கொண்டிருந்தார், மடித்ததையே பிரித்து மறுபடி மடித்துக்கொண்டிருந்தார்.

"உம்மா."

"வா மகள்."

"ஆரையும் ஏசல்லயா?"

"இல்ல."

அவள் பையைக் கீழே வைத்துவிட்டு என் முன்னால் முழங்காலில் இருந்தாள். முகம் பேயறைந்த மாதிரி வெளிறிப் போயிருந்தது.

"ஏசுங்க உம்மா. என்னையாவது ஏசுங்க. இப்பிடி இருக்காதீங்க. பயமா இருக்கு."

முப்பத்து மூன்று நாள் எதை நிறுத்தச் சொன்னாளோ அதையே கேட்டாள். நான் அழத் தொடங்கினேன். அழுகைக்கு நடுவில் வள்ளத்தைப் பற்றிச் சொன்னேன். வாந்தியை, தம்பியை, உப்புத் தண்ணீரை, உம்மா சொன்னதை. கதையாகச் சொல்லவில்லை. ஒழுங்கு கெட்டு, முன்னும் பின்னுமாக வந்தது. கணவர் தறப்பாளை வைத்துவிட்டு நிலையில் சாய்ந்து நின்று கேட்டார். கல்யாணம் முடித்து இத்தனை வருஷத்தில் அவருக்கும் அது புதுசு. மகள் என்னுடைய கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பஸ்ஸடியில் நான் கேட்ட அந்தக் கேள்விக்கு மாப்புக் கேட்டேன். அவள் தலையை மட்டும் ஆட்டினாள். பை அன்று முழுவதும் பிரிக்கப்படாமல் அதே இடத்தில் கிடந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த நாள் சுபஹு தொழுதபிறகு நான் நேரே குசினிக்குப் போனேன். இனி எந்தத் தியானமும் வேண்டாம் என்று முடிவெடுத்திருந்தேன். மகள் போனைக் கொண்டுவந்து நீட்டினாள்.

"இன்னும் ஏழு நாள் இருக்கு உம்மா."

"போதும் மகள். உப்புப் போனது காணும்."

அவள் என்னைக் கையில் பிடித்து முன் அறைக்குக் கூட்டிப்போய்க் கதிரையில் இருத்தினாள். பிறகு வாசல் கதவை அகலத் திறந்து, படிக்கிற கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, வானம் தெரிகிற பக்கமாகப் படியில் இருந்தாள்.

"நீங்க கண்ண மூடுங்க. நான் பாத்துக்கொள்றன்."

அந்தச் சொல்லைக் கேட்க எனக்கு ஏறக்குறைய ஒரு ஆயுள் எடுத்திருந்தது. கண்ணை மூடினேன். மழை தொடங்கியது. மூச்சுக்காரி ஒதுங்கிக்கொண்டாள். ஒன்று, இரண்டு, மூன்று மூச்சுவரை சரி. நாலாவதில் இமை துடித்தது. இவள் பார்க்கிறாளா? வடக்குப் பக்கம் பார்க்கிறாளா, களப்புப் பக்கம் பார்க்கிறாளா? மழை அந்தப் பக்கத்தால்தானே வந்தது? ஐந்தாவது மூச்சில் ஒரு கண்ணை மட்டும் திறந்தேன்.

அவள் வானத்தைப் பார்க்கவில்லை. கொப்பிக்குள் தன் போனை ஒளித்து வைத்துக்கொண்டு யாருக்கோ செய்தி அடித்துக்கொண்டிருந்தாள். உதட்டில் ஒரு சிரிப்பு.

ஏச்சு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கழுத்தைக் கொஞ்சம் திருப்பினால் போதும், கதவு வழியே வானத்தை நானே பார்த்துவிடலாம். திருப்பவில்லை. கண்ணை மூடிக்கொண்டேன்.